சும்மாட்டுக் கறை

17-3-1955, வியாழன், சித்தூர்.

நேற்று எழுதியதில் ஒரு தவறு. "உடைத்த முட்டை எல்லாம் சிவப்பு" என்று எழுதியிருக்கிறேன். அப்படி இல்லை. பண்ணையில் அன்றன்று இட்ட முட்டையின் வெள்ளைக்கரு வெள்ளையாகவே இருந்தது. பண்ணை முட்டையை வாங்கும் திருப்பதி ரொட்டிக் கடையின் ஐஸ் பெட்டியில் வாரக்கணக்காகக் கிடந்தவைதான் ரோஜா நிறம். நான் பார்த்தேன், பார்த்ததைப் பிரித்து எழுதத் தெரியவில்லை. டைப்ரைட்டிங் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரம் ஒரு காரணம். எதைத் துப்பறிந்தாலும் என்னைக் குறிப்பெழுத வைக்கும் திருவேங்கடம் சார் படித்துவிட்டு, "அப்பாவு, நீ விட்ட இடத்தில்தான் விஷயமே இருக்கிறது" என்றார்.

விஷயத்தைக் கொண்டு வந்தவள் சென்னம்மா. கங்காதர நெல்லூர்ப் பக்கம் கிருஷ்ணப்பாவின் கோழிப் பண்ணையில் தீனி கலக்கிப் போடுபவள். செவ்வாய்க்கிழமை எங்கள் அறை வாசலுக்கு வந்து, உள்ளே வரச் சொல்லியும் வராமல் நின்றாள்.

"முட்ட சிவந்து பூட்ச்சாம். தீட்டோட கோழியத் தொட்டேனாம். வேலய உட்டு நிறுத்திட்டாங்க. மேனேஜர் ஜெயச்சந்திரன் ஊர் பூரா சொல்லிக்கினு திரியறாரு. இப்ப நாத்து நடக்கூட எவனும் கூப்பிட மாட்டேன்றான். நான் என்னத்த துன்றது?"

அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

நேற்று பண்ணைக்கும் திருப்பதிக்கும் போய்வந்தோம். கம்பும் தவிடும் கலந்த தீனியில் தினமும் கடலை எண்ணெய் சேர்ப்பது கிருஷ்ணப்பாவின் வழக்கம். கோழி கொழுத்து முட்டை பெருக்கும் என்பார். எண்ணெய்ப் பீப்பாய் இருக்கும் அறையின் சாவி ஜெயச்சந்திரனிடம் மட்டுமே. அவர் தகர டின்னில் ஊற்றிக் கொடுப்பார். சென்னம்மா அதைத் தலையில் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டு போவாள். எண்ணெயைக் காட்டச் சொன்னோம். பளபளவென்று மஞ்சளாக இருந்தது. பீப்பாயும் புதிது. டின்னின் மூலையில் மட்டும் ஈயப்பற்று விட்டுப்போய்ச் சொட்டியது.

திரும்பும் வழியில் சார் சென்னம்மாவின் குடிசைக்குப் போய், சும்மாட்டைக் கேட்டு வாங்கினார். டின்னுக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கும் பழைய சேலைத்துணி. தீபாவளிக்கு முன்பு வைத்திருந்தது கிழிந்துபோய்க் கூரையில் செருகிக் கிடந்தது; அதையும் வாங்கினார். பிறகு என்னை அனுப்பிவிட்டு, அவர் மட்டும் கால்நடை டாக்டரைப் பார்க்கப் போனார்.

இன்று காலை பண்ணை முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார். கூலியாட்கள் வேலியோரம் நின்றார்கள்.

"ஏமய்யா, தீட்டுன்னு தெரிஞ்சு போச்சு. இன்னும் என்ன விசாரணை?" என்றார் கிருஷ்ணப்பா.

"இவள் கை பட்டுச் சிவந்தது என்றால், கை பட்ட அன்றே சிவந்திருக்க வேண்டும். இங்கே உடைத்தால் வெள்ளை. இவள் கண்ணால்கூடப் பார்க்காத திருப்பதி ஐஸ் பெட்டியில் சிவப்பு. தீட்டு என்ன, பஸ் ஏறிப் போயிற்றா?"

வேலியோரம் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. சுருட்டி வைத்திருந்த இரண்டு துணிகளையும் தரையில் விரித்தார்.

"டின் ஒன்றுதான். ஒழுகல் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய துணியில் மஞ்சள் கறை. அது கடலை எண்ணெய். பிந்தைய துணியில் கறுஞ்சிவப்பு. ரொட்டிக் கடையின் புகார் தை மாதம் தொடங்கியது. ஜெயச்சந்திரன், நீங்கள் நேற்று புதுப் பீப்பாயில் காட்டிய எண்ணெய் இப்படிக் கறை போடாது."

"அழுக்குத் துணி சார் அது. மண்ணு, வேர்வை..."

"மோந்து பாருங்கள். சுத்தம் செய்யாத பருத்திக்கொட்டை எண்ணெய். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைக்கிற யாருக்கும் இந்த வாசனை தெரியும். கோழிக்குப் போனால் முட்டையில் இறங்கும். புது முட்டையில் தெரியாது. குளிரில் கிடந்தால் வெள்ளைக்கரு சிவக்கும். கால்நடை டாக்டர் சொன்னார். கடலை எண்ணெயை வெளியே விற்றீர்கள். மலிவு எண்ணெயை இவள் தலையில் ஏற்றினீர்கள். முட்டை சிவந்ததும் பழியையும் அதே தலையில் ஏற்றினீர்கள். இந்த இரண்டு துணியும் போலீசுக்குப் போகும்."

ஜெயச்சந்திரன் வேலியைப் பார்த்தார். அங்கே ஆட்கள் நெருங்கி நின்றிருந்தார்கள்.

கிருஷ்ணப்பா சென்னம்மாவின் பக்கம் பாய்ந்தார். "எண்ணெ கறுப்பா இருந்தா எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"சொன்னனே! பொங்கலுக்கு முன்னாடியே சொன்னேன். 'ஊத்துற வேலயப் பாருடி'ன்னு நீதான சொன்ன? தீட்டுன்னு அவன் சொன்னா ஒடனே கேட்டுக்கினு, எண்ணென்னு நான் சொன்னா காது அடைச்சிக்குமா?"

அவள் அவரை ஒருமையில் பேசியதை நான் அப்போதுதான் கேட்டேன். அவரும் கேட்டார். நானும் இரண்டு நாளாக அவளிடம் எண்ணெயைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"சரி, சரி. இன்னிக்கே வேலைக்கு வா" என்றார் கிருஷ்ணப்பா, தரையைப் பார்த்து.

"வரேன். ஆனா சும்மாட்டுக்குத் துணி இல்ல. ரெண்டும் போலீசுக்குப் போவுதாமே." அவள் கை நீட்டினாள். "உன் தோள்ல கீறதக் குடு."

 ஜரிகைக் கரை போட்ட துண்டு. அவள் தொட்டதெல்லாம் தீட்டு என்று ஊருக்கே சொல்லவிட்ட மனிதரின் தோளில் கிடந்தது. அவர் சாரைப் பார்த்தார். சார் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பா வேலியோரத்து ஆட்களைப் பார்த்தார். யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

துண்டை எடுத்துக் கொடுத்தார்.

சென்னம்மா அதை உதறி, முறுக்கி, வளையமாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். ஒழுகும் டின்னை அதன்மேல் ஏற்றி, கொட்டகைக்கு நடந்தாள்.

நாளை காலை: இரண்டு சும்மாட்டுத் துணிகளையும் துவைக்காமல், தனித்தனியாகக் கட்டி, சித்தூர் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.