கரையிலேயே நில்லுங்கோ

“அக்கா, கப்பல் வருமாமே, மெய்யோ?”

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை எடுத்த ஜெபமலரிடம் அவளுடைய தங்கை ரூத் கேட்ட கேள்வி அது. டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் மூன்றாம் மாடி வீட்டுக் கூடத்தில் இளவெயில் விழுந்திருந்தது. தொலைபேசிக்குள் காற்று இரைந்தது, அலை அடித்தது, இடையிடையே யாரோ பெரிய இரும்புக் கதவை அறைந்து சாத்துவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வன்னிக் கடற்கரையில் ஒரேயொருவரிடம் இருந்த செற்றலைற் ஃபோனுக்கு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று ரூத் ஒரு நிமிடம் வாங்கியிருந்தாள்.

“சனமெல்லாம் களப்புத் தண்ணிக்குள்ளால நடந்து ஆமிக்காரன்ர பக்கம் போகுதக்கா. நானும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதோ, கப்பலைப் பாத்துக்கொண்டு இதிலயே நிக்கிறதோ? கெதியாச் சொல்லுங்கோ.”

ஜெபமலருக்கு என்ன தெரியும்? காயக்காரரை ஏற்றக் கப்பலொன்று வந்து போகிறது என்பது தெரியும். இனிப் பெரிய கப்பல் வரும், எல்லாரையும் ஏற்றும் என்று தமிழ் வானொலியில் யாரோ சொன்னார்கள். அன்று காலை சபையில் அந்தக் கப்பலுக்காக எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். ஜெபித்தது நடந்துவிட்டது மாதிரியே அவளுக்கு இருந்தது.

“ஓம், வரும். கரையிலேயே நில்லுங்கோ. கரையை விட்டு விலகாதையுங்கோ.”

“நீங்கள் சொன்னாச் சரியக்கா.” ரூத்தின் குரலில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. “நீங்கள் அனுப்பின கல்யாணக் கூறையை வெட்டி மண்மூட்டை தைச்சுப்போட்டன். கோவியாதையுங்கோ என்ன. பங்கருக்குள்ள நாங்கள்தான் பட்டு வச்சிருக்கிற ஆக்கள்.”

இணைப்பு அறுந்தது. மறுநாள் ஒரு லட்சம் பேர் களப்பைக் கடந்து போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. கப்பல் வரவில்லை. ரூத்திடமிருந்தும் பிறகு அழைப்பு வரவில்லை.

ஜெபமலரின் கணவன் தேவதாசன் இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் முடித்திருந்தான். மேசையெல்லாம் சின்னச் சின்ன டேனிஷ் கொடி குத்திவைத்து, பாட்டுப் பாடி, இரண்டு பேருக்கு மத்தியதரைக் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணம் என்று முதலாளி கையில் ஓர் உறையைக் கொடுத்தபோது அது பெப்ரவரி. பயணம் மே மாதம். தான் வரமாட்டேன் என்று ஜெபமலர் எத்தனையோ தடவை சொன்னாள்.

“ஒரு மாசமா நீர் அந்த ஃபோனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர். சாப்பாடுமில்லை, நித்திரையுமில்லை. இப்பிடியே விட்டா உம்மையும் நான் துலைச்சுப்போடுவன்,” என்றான் அவன். “நிலக்ஷி வீட்டில நிக்கிறாள்தானே. அவள் ஃபோனை எடுப்பாள்.”

ரூத்துக்கு மனப்பாடமான எண் அந்த வீட்டுத் தொலைபேசி எண் ஒன்றுதான். பதினேழு வயது மகள் நிலக்ஷி தொலைபேசியின் அருகிலேயே பாயை விரித்துப் படுத்தாள். கப்பல் கரை தட்டும் இடமெல்லாம் ஜெபமலர் கைத்தொலைபேசியில் “சித்தி எடுத்தவவோ?” என்று எழுதி அனுப்புவாள். மகளிடமிருந்து டேனிஷில் ஒற்றைச் சொல் வரும். இல்லை.

மே பதினெட்டாம் திகதி, திங்கட்கிழமை காலை, கப்பல் மால்ட்டாவில் வல்லெட்டா துறைமுகத்துக்குள் நுழைந்தது. நீர் விளிம்பிலிருந்தே எழும்பிய கோட்டைச் சுவர்கள் தேன் நிறத்தில் வெயிலை வாங்கிக்கொண்டு நின்றன. இறங்கும் பாலத்தின் தலைப்பில் பயணிகளின் அட்டைகளைச் சரிபார்ப்பவன் தூத்துக்குடிக்காரன், பெயர் அந்தோனிதாசன். முதல் நாளே அவர்களைக் கண்டுபிடித்துவிட்டான்.

“சிலோனாக்கா இன்னிக்கும் சாப்பிடலியாமே? கிச்சன்ல நம்ம பசங்க நாலு பேரு இருக்கானுங்க, ராத்திரிக்கு ரசம் வைக்கச் சொல்றேன். நாலு மணிக்குள்ள வந்துருங்க. அப்புறம் நான் அழுதாலும் கேப்டன் நிக்க மாட்டாரு.”

தேவதாசன் சிரித்தான். ஜெபமலர் சிரிக்க முயன்றாள்.

துறைமுக மேடையில் பத்தடி நடந்ததும் செருப்புக்குள் ஏதோ உறுத்தியது. கழற்றித் தட்டினாள். மணல் கொட்டியது. பருமணல், ஈரமானது, உடைந்த வெண்சிப்பிகள் கலந்தது. சுற்றிப் பார்த்தாள். மேடை முழுக்கக் கல். கோட்டை கல். தெரு கல். இந்த ஊரின் கரையில் ஒரு பிடி மணல் கிடையாது.

“நீச்சல் குளத்துப் பக்கம் போனனீரோ?” என்றான் தேவதாசன்.

“இல்லையே,” என்றாள் அவள்.

அந்த நகரத்துத் தெருக்கள் படிக்கட்டுகளாக ஏறி இறங்கின. இருபுறமும் உயர்ந்த வீடுகளிலிருந்து பச்சையும் சிவப்பும் பூசிய மூடிய மர மாடங்கள் பெட்டிகள்போலத் தொங்கின, எங்கோ ஒரு மாதாகோவில் மணி அடித்து நிற்க இன்னொரு கோவில் மணி தொடங்கியது, பேக்கரியிலிருந்து சூடான வெண்ணெய் வாசம் வந்தது, அந்த வாசத்துக்கு அடியில், மெல்லியதாக, கருகிய பனைமட்டையின் நெடி இருந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நெடி போகவில்லை. பிறகுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. ஈரப் பாதங்கள் கல்லில் ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒரு பெரிய சோடி, ஒரு நடுத்தரச் சோடி, பின்னால் எட்ட முடியாமல் இடையிடையே ஓடிவருகிற ஒரு சின்னச் சோடி. அவள் நின்றால் அவையும் நின்றன.

திரும்பினாள். வெயில் காயும் வெறும் படிக்கட்டு.

ரூத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகள். விக்ரோரியாவுக்கு எட்டு வயது. சின்னவளுக்கு இன்னும் மூன்று ஆகவில்லை.

கப்பலிலிருந்து வந்த சுற்றுலாக் குழுவை மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டிப் பெண் ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தினாள். உலகப் போரில் இந்த நகரத்தின் மீது மாதக்கணக்கில் குண்டு விழுந்ததாகவும், சனங்கள் தங்கள் வீடுகளுக்கு அடியில் பாறையைக் குடைந்து அதற்குள்ளேயே வாழ்ந்ததாகவும், அதை இப்போது பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

“பங்கர்,” என்றான் தேவதாசன், தனக்குள்ளே.

உள்ளே போகும் முன் அந்தப் பெண் ஆட்களை எண்ணினாள். பத்தொன்பது.

குறுகிய படிகள் வளைந்து வளைந்து இறங்கின. மேலே மே மாதத்து வெயில் ஒரு நாணயமளவு சுருங்கி மறைந்தது. சுவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தன, அங்கங்கே மாட்டிய மஞ்சள் பல்புகளின் கீழ் ஆட்களின் நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடந்தன, மண்ணெண்ணெயும் ஈரத்துணியும் மூத்திரமும் பலபேர் நாள்கணக்காக ஒரே மூச்சை விட்டு எடுத்ததுமான ஒரு வாடை, அறுபது வருடத்துக்கு முந்தியதாக இருக்கவே முடியாத வாடை, அவள் தொண்டையில் இறங்கியது. முன்னால் போனவர்கள் படம் எடுத்தார்கள். யாரோ ஒரு குழந்தை இருமியது. அந்தக் குழுவில் குழந்தைகள் இல்லை.

கயிறு கட்டித் தடுத்த ஒரு சிறு அறையில், பார்வைக்கு வைத்த பழங்கட்டிலுக்குப் பின்னால் மண்மூட்டைகள் அடுக்கியிருந்தன. எல்லாம் சாக்கு. மேலே கிடந்த ஒன்றைத் தவிர.

அது அரக்குச் சிவப்பு. ஓரத்தில் மாம்பிஞ்சுக் கரை. கையூசியால், அவசரத்தில், கோணலாகத் தைத்தது. பாரிஸில் ஒரு தமிழ்க் கடையில் பதினொரு சேலைகளை விரித்துப் பார்த்து, பன்னிரண்டாவதாக அவள் எடுத்த கூறை. ரூத்தின் கல்யாணத்துக்குப் போக முடியாமல் தபாலில் அனுப்பிய கூறை.

கயிற்றுக்கு மேலால் கையை நீட்டினாள். தொட்டாள்.

ஈரம். சூடு.

“என்னப்பா, இதைப் பாருங்கோ.”

தேவதாசன் எட்டிப் பார்த்தான். “சாக்குத்தானே. வாரும், மேல போவம். முகமெல்லாம் வெளிறிப்போச்சு உமக்கு.”

அவள் விரல் நுனிகள் சிவந்திருந்தன. சாயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பாவாடையில் துடைத்தாள். நினைத்துக்கொண்டே துடைத்தாள்.

வெளியே வந்ததும் வழிகாட்டி மறுபடி எண்ணினாள். குடைக் காம்பால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணிவந்தவள் ஜெபமலரிடம் வந்து, அவளுக்குப் பின்னால் மூன்று தடவை காம்பை அசைத்துவிட்டு, நிறுத்தினாள். இருபத்திரண்டு. நெற்றியைச் சுருக்கினாள். போகும்போது பிழையாக எண்ணிவிட்டேன், இல்லாவிட்டால் எங்கள் குழுவை எல்லாருக்கும் பிடித்துப்போய் ஆள் கூடிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அப்போது தேவதாசனின் கைத்தொலைபேசி அடித்தது. ஓகூஸிலிருந்து அவனுடைய சினேகிதன் தவராஜா. அவன் “ஓம்” என்றான். பிறகு “ஓம், ஓம்” என்றான். பிறகு கேட்டுக்கொண்டே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான். உல்லாசப் பயணிகள் அவனைச் சுற்றி ஏறி இறங்கினார்கள்.

“முடிஞ்சுதாம் மலர்.”

“என்ன முடிஞ்சுது?”

“எல்லாம்.”

“கரையில நிண்ட சனம்?”

அவன் தலையை நிமிர்த்தவில்லை. “கரையில இப்ப ஒருத்தருமில்லையாம்.”

அவள் கைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து எழுதினாள். சித்தி எடுத்தவவோ? இந்த முறை பதில் வரச் சற்று நேரமாயிற்று. நிலக்ஷி தமிழில் எழுதியிருந்தாள். இல்லை அம்மா.

திரும்பி நடந்தார்கள். படிகள் கீழே கீழே இறங்கின, அவன் முன்னால் கைத்தடி இழந்தவன்போலச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனான், அவள் அவனுடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள், ஏனென்றால் பாதங்கள் இப்போது அவளுக்கு மிகவும் கிட்ட வந்திருந்தன. ஒளிக்கவுமில்லை. அவள் நின்றபோது நிற்கவுமில்லை. ஒரு மூச்சு அவள் பிடரியில் பட்டது. உப்பு. கருகல். அழுக்குத் தலைமயிர். அதற்குள்ளே, கொஞ்சமாக, ரூத்.

பார்க்கக் கூடாது.

பார்த்தால் உண்மையாகிவிடும்.

துறைமுகம். கல் மேடை. வெள்ளைக் கப்பல், பத்து மாடி உயரம். பாலத்தின் அடியில் ஒரு சின்னக் கை அவள் பாவாடையைப் பிடித்தது. குளிர்ந்த கை. அவள் ஏறினாள். கை விடவில்லை.

தேவதாசன் அட்டையைக் காட்டிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டான். அவளுடைய அட்டையைக் கருவி ஏற்றுக்கொண்டது. ஒரு காலை உள்ளே வைத்தாள்.

“அக்கா, ஒரு நிமிஷம்.”

அந்தோனிதாசன் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இவங்க உங்க கூட வந்தவங்களா?”

அவள் அசையவில்லை.

“கார்டு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறாங்க. உங்களைத்தான் கை காட்டுறாங்க. பாப்பா ரெண்டும் தொப்பலா நனைஞ்சு நிக்குது, பாவம்.” குரலைத் தாழ்த்தினான். “சொந்தம்னா சொல்லுங்க அக்கா. ஆபீசர் நம்மாளுதான். பேசி ஏத்திக்கலாம். மூஞ்சி உங்களை உரிச்சு வச்சாப்ல இருக்கே.”

திரும்பினாள்.

ரூத் நின்றாள். அவளேதான். சேலை நீர் சொட்டியது. இடுப்பில் சின்னவள். பக்கத்தில் விக்ரோரியா, ஜெபமலரின் பாவாடை நுனியைப் பிடித்தபடி. ரூத்தின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வரச் சொன்ன இடத்துக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்தவளின் முகம். களைப்பு. நிம்மதி. அவள் வாயைத் திறக்கவில்லை. உதடுகளுக்கிடையில் மணல் பிதுங்கியிருந்தது.

ஓம் என்றால் ஏற்றுவான். ஓம் என்றால் ரூத் இங்கே நிற்கிறாள். ரூத் இங்கே நின்றால் அங்கே இல்லை. எங்கேயும் இல்லை.

இல்லை என்றால் இன்னும் வரும் ஒரு தொலைபேசி அழைப்பு. நாளைக்கு. இல்லாவிட்டால் நாளையன்றைக்கு.

“இல்லைத் தம்பி.” தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. “இவையை எனக்குத் தெரியாது. நாங்கள் ரெண்டு பேர்தான் வந்தனாங்கள். என்ர தங்கச்சி ஊரில நல்லா இருக்கிறா.”

சின்ன விரல்கள் பாவாடையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன.

“சரிங்கக்கா,” என்றான் அந்தோனிதாசன். கையை மெதுவாக நீட்டி வழியை மறித்தான். “அம்மா, தள்ளிக்குங்க. இந்தக் கப்பல்ல உங்களுக்கு இடமில்ல.”

ரூத் அக்காவை ஒருமுறை பார்த்தாள். சின்னவளை இடுப்பில் ஏற்றிச் சரிசெய்தாள். விக்ரோரியாவின் கையைப் பிடித்தாள். திரும்பினாள்.

முதுகுப் பக்கம் சேலை இல்லை. சேலைக்குக் கீழே இருக்க வேண்டியதும் இல்லை. அந்த வெளிக்குள்ளால் துறைமுக நீர் பளபளத்தது.

கீழே, காலையில் வெறுமையாகக் கிடந்த கல் மேடை முழுவதும் சனம். தலையில் மூட்டை. தடியில் தொங்கும், மருந்தேற்றும் சேலைன் போத்தல். நீர் சொட்டச் சொட்ட, நெருக்கியடித்து, விளிம்புவரை, சத்தமில்லாமல், எல்லா முகமும் கப்பலைப் பார்த்தபடி. அவர்கள் விலகி ரூத்துக்கு வழி விட்டார்கள். சின்னவள் மட்டும் தாயின் தோளுக்கு மேலால், ஜெபமலரை, பெரியம்மாவை, பார்த்துக்கொண்டே போனாள்.

ரூத் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் இறங்கிப் போனாள்.