விளக்குக்கு முதுகு காட்டிய துண்டுகள்

ஏழு தம்ளர்களில் நின்ற ஏழு கிளைத்துண்டுகளும் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

செடி வெளிச்சத்தைத் தேடித்தான் வளையும். முப்பது வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்திய வாத்தியாருக்கு அதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காலையில் தம்ளர்களைத் திருப்பி வைத்திருந்தார். மதியத்துக்குள் எல்லாம் மறுபடி சுவர்ப்பக்கம் சாய்ந்துவிட்டன.

எலக்ட்ரீஷியன் மைத்துனன் மாட்டிவிட்டுப் போன ஊதா விளக்கைக் கழற்றி எறிந்து, மூன்று நாளுக்கு முன்புதான் நல்ல வெள்ளை விளக்காகப் பார்த்து வாங்கியிருந்தார். அன்றிலிருந்துதான் இந்தக் கூத்து.

சுவருக்கு அந்தப்பக்கம் மனைவியின் அறை. துண்டு போடுவதில் அவள்தான் முன்பு கூடமாட உதவுவாள். "கணுவுக்குக் கீழ வெட்டு, மரமண்டை. எத்தன தடவ சொல்றது?" என்பார். கால் வீங்கியதும் அதற்கும் உதவாமல் போனாள்.

போன் அடித்தது. மைத்துனன்.

"மாமா, அக்கா போனே எடுக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா? கால எடுக்கிற நிலைமைக்கு வந்துடப் போகுது மாமா."

"வயர் இழுக்கறதுதானே உன் வேலை? அத மட்டும் பாரு."

டாக்டராம். வெந்நீரில் கால் வைத்தால் தீராத வலியா? விளக்கு வாங்கிய அன்றே வாளியில் அவரே ஊற்றிக் கொடுத்திருந்தார். துண்டுகளுக்கு வேர்விடும் தூளைக் கரைத்ததில் மிச்சத்தையும் அதிலேயே கொட்டினார். சாக்கடைக்குப் போவது இவள் காலுக்குப் போகட்டும். "நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காத" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அப்புறம் சொல்லவில்லை.

அது நினைவுக்கு வந்தபோது கையில் வெட்டுக்கத்தி இருந்தது. மூன்று நாளாக முனகல் இல்லை. அடங்கிவிட்டாள் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டிருந்தார். அவள் அறைக் கதவருகே அவர் வைத்த சாப்பாட்டுத் தட்டுகள் மூன்றும் அப்படியே காய்ந்துகிடந்தன. பிகு பண்ணுகிறாள் என்று திட்டியிருந்தார். வீட்டில் மண் தொட்டி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் தண்ணீரில் வளர்ப்பதுதான். ஆனாலும் கதவிடுக்கிலிருந்து முதல் மழை நனைத்த மண்ணின் வாசம், கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ உள்ளே பாத்தி வெட்டுவதுபோல் வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தார்.

திரை மூடியிருந்தது. நாற்காலியில் அவள். வாளியில் கால். அவருக்குப் பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தது. அவள் உடம்பு இடுப்பிலிருந்து மெல்ல அதன் பக்கம் வளைந்தது.

"கால எடு."

"வரலீங்க."

"வலிக்குதா?"

"மூணு நாளா வலியே இல்ல."

குனிந்து இழுத்தார். வாளியும் சேர்ந்து வந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை. வெள்ளை வேர். சுருள் சுருளாக. விளிம்பு வரைக்கும்.

கத்தி இன்னும் அவர் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். வகுப்பில் முதலில் கைதூக்குகிற பிள்ளையின் முகம்.

"வெட்டறதா இருந்தா கணுவுக்குக் கீழ வெட்டுங்க. வீணாயிடக் கூடாது."

முழங்காலுக்குக் கீழே மூன்று கணுக்கள் புடைத்திருந்தன. ஒன்றில் தளிர்.

அவர் பக்கவாட்டில் ஓரடி விலகினார்.

தளிர் வெளிச்சத்தை விட்டுவிட்டு, அவர் பக்கம் வளைந்தது.