உள்ளது உள்ளபடி

உள்ளே போன மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் சிவப்புப் பெட்டியில் இன்னும் ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

கொதிகலனுக்குள் இறங்குகிறவர்கள் எல்லோரும் தங்கள் பூட்டை அந்தப் பெட்டியில் மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே வந்ததும் அவரவரே கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை எரிவாயு வால்வைத் திறக்கும் சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கும். மீந்து தொங்கியது கறுத்துப்போன பித்தளைப் பூட்டு. எண் இல்லை, பெயர்ச்சீட்டு இல்லை. அவள் தொட்டுப் பார்த்தாள். யாரோ சற்று முன்புதான் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டியதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

"வெட்டிப் போடுங்கம்மா," என்றார் மேலாளர். "நாலு மணிக்குக் கையெழுத்து. அந்த நேரத்துல மிஷின் ஓடிட்டு இருக்கணும்."

"யாரோடதுன்னு தெரியாம எப்படி சார் வெட்றது?"

"யாரோடதா இருந்தா என்ன? உள்ளது உள்ளபடின்னுதானே வாங்கறாங்க. பூட்டையும் சேத்து வாங்கிட்டுப் போகட்டும்." அவர் மட்டும் சிரித்தார்.

அந்த மின்நிலையம் கைமாறுவது இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வாசல் பலகை மாறியது, சீருடையின் நிறம் மாறியது, பழைய பதிவேடுகள் லாரியில் ஏறிப் போயின. கட்டிய கம்பெனியின் ஆட்களில் ஒருவர்கூட இப்போது இல்லை. கட்டுப்பாட்டு அறைப் பொறியாளராக அவள் மட்டும் பதினெட்டு வருடங்களாக அதே நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். வாங்க வருகிறவர்கள் பக்கத்து வெற்றிடத்தில் இன்னும் இரண்டு எரிவாயு அலகுகள் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, இரண்டு வருடமாகத் தூங்கும் பழைய அலகு கையெழுத்தின்போது ஓட வேண்டும். ஓடாவிட்டால் எல்லாமே பழைய இரும்பு. முந்நூறு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த முந்நூறில் ஒருவன் அவளுடைய தம்பி, வெல்டர். அப்பா போனபிறகு அவனைப் படிக்கவைத்து, இங்கே சொல்லி வேலை வாங்கிக்கொடுத்தவள் அவள்தான்.

"நான் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்க்கா," என்றான் அவன். "ஆள் இல்லன்னா வெட்டிடலாம். மனசும் அடங்கும்."

அவன் தன் பூட்டை மாட்டினான்; வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, வட்ட இரும்புக் கதவுக்குள் தலையை நுழைத்தான். குழாய் வரிசைகளுக்கு நடுவே அவன் முழங்கால்கள் உரசிப் போகும் சத்தம் தேய்ந்துகொண்டே போய், இரும்பும் ஈரமும் கலந்த வாடையோடு உள்ளே எங்கோ கரைந்து நின்றது.

பன்னிரண்டு நிமிடம் கழித்து வந்தான். "யாரும் இல்ல," என்றான். தன் பூட்டைக் கழற்றினான். மேலாளர் பித்தளைப் பூட்டைத் தன் கையாலேயே வெட்டினார். கதவை மூடி எட்டு போல்ட்டுகளையும் முறுக்கினார்கள்.

கட்டுப்பாட்டு அறையில் அவள் இயக்கத்தைத் தொடங்கினாள். எரிவாயு திறக்குமுன் பத்து நிமிடம் வெறும் காற்றைச் செலுத்தி உள்ளறையைக் கழுவ வேண்டும். பத்தாவது நிமிடத்தில் தீ பற்றும். டர்பைன் மெல்லச் சுழன்று, முனகி, பிறகு தரை வழியாக நாற்காலிக்கால்களில் ஏறும் ஒரு நீண்ட ஊளையாக எழுந்தது. தம்பி அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். யாரோ வைத்த தேநீர் அவன் முன்னால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அந்த இரும்புக் குகைக்குள் தவழ்ந்து வந்தவனின் சட்டை சலவை மடிப்புக் கலையாமல் இருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

தீ பற்ற இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

மேசைமேல் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "அக்கா... கதவ ஏன் மூடிட்டீங்க?"

அவள் திரும்பினாள். தம்பியின் வாய் மூடியிருந்தது. இடுப்பில் வாக்கிடாக்கி இல்லை.

"உன் வாக்கிடாக்கி எங்கடா?"

"உள்ள விட்டுட்டேன் போல."

"அக்கா, காத்து அடிக்குது. நிக்க முடியல. நான் இன்னும் வெளியவே வரலக்கா..."

"சார், கேட்டீங்களா?"

தொலைபேசியில் புது உரிமையாளர்களோடு பேசிக்கொண்டிருந்த மேலாளர் ஒலிவாங்கியைப் பொத்தினார். "வெறும் இரைச்சல்தாம்மா. உங்க தம்பி இதோ உக்காந்திருக்காரே!"

ஏழு நிமிடம். அவள் வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தாள். பொத்தானை அழுத்திப் பேசினாள்.

"சின்ன வயசுல என் வாட்சை என்னடா பண்ணின?"

"தண்ணித் தொட்டியில போட்டேன். தொலைஞ்சு போச்சுன்னு நீ அப்பாகிட்ட சொல்லி அடி வாங்கின."

சரியான பதில். வேறு யாருக்கும் தெரியாத பதில். ஆனால் அது இரண்டு இடங்களிலிருந்து வந்தது. வாக்கிடாக்கியிலிருந்தும், பக்கத்து நாற்காலியிலிருந்தும். ஒரே மூச்சில், ஒரே இழுப்பில். வாக்கிடாக்கியில் வந்தவன் அழுதுகொண்டு சொன்னான். பக்கத்திலிருந்தவன் அழவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குக்கா கேட்ட?" என்றான் அன்பாக.

நான்கு நிமிடம். நிறுத்தினால் விற்பனை இல்லை. வேலை இல்லை. முந்நூறு வீடுகள். நிறுத்தாவிட்டால்...

"அக்கா, சுடப்போகுதுன்னு தெரியும்க்கா. சீக்கிரம்க்கா."

அவள் சிவப்புப் பொத்தானில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

ஊளை இறங்கியது. மேலாளர் கத்தியது காதில் விழவில்லை. பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினாள். இரும்புப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். முதல் போல்ட். இரண்டாவது. விரல்நகம் பிய்ந்தது. ஐந்து. ஆறு. உள்ளேயிருந்து முனகல். எட்டு. கதவைப் பிடித்து இழுத்தாள். அடங்காத காற்று அவள் முகத்தில் அறைந்தது.

இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். தம்பியின் கை.

பிடித்து இழுத்தாள். தலை வந்தது, கரி அப்பிய முகம் வந்தது, தோள்கள் வந்தன. இடுப்பில் நின்றுவிட்டது.

"வந்துட்டடா. இன்னும் கொஞ்சம். காலை உதைடா!"

"முடியல. கால விடுக்கா."

"என்னடா சொல்ற? நான் உன் கையத்தான் பிடிச்சிருக்கேன்."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நிம்மதி இல்லை. கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

"நீ இங்க இருந்தா..." என்றான். "அப்ப இவ்வளவு நேரம் உள்ள எனக்குத் தைரியம் சொல்லிட்டு இருந்தது யாரு?"

அவள் அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள்.

குழாய்களுக்கு நடுவே ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். அதே நீலச் சீருடை. வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடி. அவளுடைய முகம். அதுவும் பயந்திருந்தது. அதுவும் அழுதுகொண்டிருந்தது. அவன் கணுக்கால்கள் இரண்டையும் மார்போடு அணைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது.

"விடமாட்டேன்டா," என்றது அவளுடைய குரலில். "உன்ன அவகிட்ட விடமாட்டேன்."

பின்னால் இரும்புப் படிகளில் காலடிச் சத்தம். அவசரமே இல்லாமல். ஒவ்வொரு படியாக.

அவளால் திரும்ப முடியவில்லை. திரும்பினால் பிடி நழுவிவிடும்.

இரண்டு கைகள் பின்னாலிருந்து அவள் இடுப்பைச் சுற்றி வளைத்தன. சலவைச் சட்டையின் வாசனை.

"பயப்படாதக்கா. நானும் ஒரு கை குடுக்கறேன்."

அந்தக் கைகள் அவளைப் பின்னால் இழுக்கவில்லை. கதவை நோக்கி, நிதானமாக, முன்னால் தள்ளத் தொடங்கின.