முன் சீட்டின் ஈரம்

மழை இன்னும் ஒரு பொட்டுகூட விழவில்லை. அதற்குள் வண்டியின் முன் சீட் நனைந்திருந்தது.

மலையாண்டி உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது, கூரையில் ஓட்டை கிடையாது, தண்ணீர் பாட்டிலை அவன் முன்னால் வைக்கிறதே இல்லை. ஆனாலும் டிரைவருக்கு இடது பக்கத்துச் சீட்டில், ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அகலத்துக்கு ஈரம். அதுவும் வெதுவெதுப்பாக. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தான். நல்லவேளை, யாரும் வாசலில் இல்லை. அவனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். ஒரு வருஷமாக எதற்கும் முன்னால் அவனுக்கு வெட்கம்தான் வருகிறது.

மணி நாலுதான் ஆகியிருந்தது. ஆனால் அழகர்மலைப் பக்கம் கும்மென்று கறுத்துவிட்டது, அலங்காநல்லூர் ரோட்டில் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. வீட்டுக்குள் மகள் தமிழ்வாணி மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் அவள் நடக்கும்போதெல்லாம் கலகலவென்று கேட்கும். அதைக் கேட்டால் அவன் பெண்டாட்டி பாண்டீஸ்வரிக்குப் பூரிப்பு. மலையாண்டி எழுந்து வாசலுக்குப் போய்விடுவான்.

வண்டி பழைய ஆம்னி. முன் சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின், சீட்டைத் தூக்கினால்தான் எதையும் பார்க்க முடியும். போன ஐப்பசியிலிருந்து அதற்கு ஒரு சீக்கு. வெயிலில் ஒரு குறை சொல்ல முடியாது, மழைக்காற்று பட்டால் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரியை மாற்றினான். மூன்று பிளக்கையும் மாற்றினான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில் என்று ஒன்றைப் பாக்கி விடவில்லை. மெக்கானிக் பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார், நீலப்பொறி பளிச்சென்று வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அப்புறம் ஒரு மழை நாளில் அவரே வந்து சீட்டைத் தூக்கி, காயிலிலிருந்து மூடிக்குக் கரண்ட் கொண்டுபோகிற தடித்த ஒயர் கழன்று கிடப்பதைக் காட்டினார்.

"இது தானாக் கழலாதுண்ணே. யாரோ பிடுங்கிவிடுறாங்க" என்று சிரித்தார்.

மலையாண்டி சிரிக்கவில்லை. அந்த ஒயரை முதன்முதலில் பிடுங்கிய பாவி அவன்தான்.

போன ஐப்பசியில் இதே மாதிரி ஒரு சாயங்காலம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு முகேஷ் கொட்டுகிற மழையில் வந்து நின்றான். தோளில் சாய்ந்தபடி அவன் பெண்டாட்டி முத்துமீனா. ஒன்பதாம் மாதம், ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரி வரைக்கும் வரச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான். மறுநாள் திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம், மாப்பிள்ளை வீட்டாருக்கு வண்டி பேசியிருந்தது, அன்று காலையில்தான் சந்தன நிறத்தில் புதுச் சீட் கவர் மாட்டியிருந்தான். கறை போகாதே என்று நினைத்தான். எந்தத் தெருக்காரி என்றும் நினைத்தான். அதை இல்லை என்று சொல்ல இப்போது அவனுக்கே நாக்கு எழாது. என்ன ஏதென்று பார்க்கிறவன் மாதிரி சீட்டைத் தூக்கி, ஒயரைப் பிடுங்கிவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே உட்கார்ந்து செல்ஃப் அடித்தான். கிர்ர். கிர்ர். கிர்ர்.

"ஈரம் இறங்கிருச்சு தம்பி. கரண்ட் வரல" என்றான்.

முகேஷ் நம்பினான். முத்துமீனா நம்பவில்லை. சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வளையல்கள் கண்ணாடியில் இடிக்க, அந்த முன் சீட்டையே பார்த்தபடி நின்றாள். வேறு வண்டி கிடைத்து அவர்கள் கிளம்பியபோது நேரம் கடந்துவிட்டது. தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. அதற்கப்புறம் வழியில் பார்க்கும்போதெல்லாம் முகேஷ், மழைக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க என்று இவனுக்கு ஆறுதல் சொல்லுவான். அவன் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

முதல் இடி விழுந்தது. உள்ளேயிருந்து தமிழ்வாணி "அம்மா" என்று கத்தினாள்.

எல்லாம் ஒரே ஓட்டமாக நடந்தது. வீட்டுத் தரையில் ரத்தம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், மேற்கே முன்னமே கொட்டிய மழையில் கண்மாய்த் தண்ணீர் அவர்கள் வருகிற ரோட்டை மூடிவிட்டது, சுற்றி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பாண்டீஸ்வரி மகளின் வளையல்களையெல்லாம் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, அவளைத் தாங்கி வந்து வண்டியின் பின் சீட்டில் படுக்க வைத்தாள். மழை தகரக் கூரையில் இரைந்து கொட்டியது. மலையாண்டி சாவியைத் திருகினான். கிர்ர். கிர்ர். கிர்ர்.

சீட்டைத் தூக்கினான். ஒயர் கழன்று கிடந்தது. கைலியில் துடைத்து, 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினான். உட்கார்ந்து திருகினான். கிர்ர். மறுபடியும் தூக்கினான். கழன்று கிடந்தது. மூன்றாம் தடவையும்.

"ஏங்க, முகேஷ்தான் ஆட்டோ வாங்கியிருக்கான்ல. அவனக் கூப்பிடுங்க" என்றாள் பாண்டீஸ்வரி.

முகேஷின் நம்பரை மலையாண்டி அழித்து வெகுநாளாயிற்று. "அவன் வேணாம்" என்றான்.

"ஏன் வேணாம்?"

அவன் மறுபடியும் சாவியைத் திருகினான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓடினாள்.

வண்டிக்குள் அப்பாவும் மகளும் மட்டும். கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிவிட்டது. தமிழ்வாணி முனகிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது, அது என்ன வாடை என்று அவனுக்குத் தெரியும். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லேசாக, கண்ணாடியோடு கண்ணாடி உரசுகிற மாதிரி. மகளைத் திரும்பிப் பார்த்தான். கைகள் வெறுமையாக இருந்தன. வளையல்கள் வீட்டுக்குள், சாமி படத்துக்குக் கீழே இருக்கின்றன.

சத்தம் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது.

தூக்கினான். உள்ளே இருட்டு. ஒயரைத் தடவி எடுத்து, மூடியில் செருகி, கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். விரல்களுக்குக் கீழே வெதுவெதுப்பான ஈரம் பரவியது.

ஒயர் அசைந்தது.

யாரோ இழுத்தார்கள். மெதுவாக. அவசரமே இல்லாமல்.

"நான்தான் பிடுங்குனேன்" என்றான். "வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். என் பிள்ளைய விட்டுரு தாயி."

ஒயர் அவன் பிடியிலிருந்து நழுவி உள்ளே போயிற்று.

வளையல் சத்தம் நின்றது. முனகலும் நின்றது.

பின்னாலிருந்து தமிழ்வாணியின் குரல், தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி வந்தது.

"அம்மா... உங் கை ஏம்மா இம்புட்டு ஈரமா இருக்கு?"

அதே நேரம் சந்துக்குள் ஒரு வெளிச்சம் திரும்பியது. ஆட்டோ. அதிலிருந்து பாண்டீஸ்வரி இறங்குவதை மலையாண்டி முன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். சேறு தெறிக்க ஓடி வருகிறாள். அவள் வெளியில் இருக்கிறாள்.

அவன் திரும்பவில்லை. கழுத்து வரவில்லை.

முகேஷ் முந்திக்கொண்டு ஓடிவந்தான். "பயப்படாதீங்கண்ணே, நம்ம ஆட்டோவுல தூக்கிருவோம்" என்று சொல்லிக்கொண்டே பின் கதவைச் சரட்டென்று தள்ளித் திறந்தான். செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தான்.

மழைச் சத்தம் மட்டும்.

"மீனா" என்றான் முகேஷ்.

மலையாண்டி அப்போது திரும்பினான். பின் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். புடவை நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தமிழ்வாணியின் தலை அவள் மடியில் இருந்தது. முழங்கை வரைக்கும் வளையல் போட்ட ஒரு கையைப் புருஷனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் அந்தத் தடித்த ஒயர்.

முகேஷ் டார்ச்சைத் தாழ்த்தி ஒயரைப் பார்த்தான். வெளிச்சம் அப்படியே நகர்ந்து முன்னால் தூக்கிக் கிடந்த சீட்டுக்கு வந்தது, பிறகு மலையாண்டியின் முகத்துக்கு வந்து அங்கேயே நின்றது.

அவளுடைய இன்னொரு கை தமிழ்வாணியின் வயிற்றின்மேல் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.