சளிக்கு முறை வைத்தவர்கள்

“உனக்கு எந்தத் தேதியில சளி வேணும்?”

பனிமேடு மருத்துவமனையில் சுகிர்தா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மூத்த செவிலி பவளக்கொடி அவளிடம் கேட்ட கேள்வி இது. சளியைப் பற்றி சுகிர்தா பாடப்புத்தகத்தில் படித்திருந்தாள். பெரியம்மைக்கு அடுத்த பக்கத்தில், ஒரு மூக்கின் படத்தோடு இருந்தது.

“எனக்கு வேண்டாங்கக்கா,” என்றாள்.

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

“ஒரு மார்கழி போகட்டும். நீயே வந்து கேப்ப,” என்றாள் பவளக்கொடி.

தொற்றுநோய்கள் ஒழிந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையில் பல் துலக்கியதும் ஊரே மூக்கில் நலத்தூறல் அடித்துக்கொள்ளும். நோய் போனபின் சட்டத்தைத் திருத்தியவர்கள் மற்ற விடுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, நோய் விடுப்பை மட்டும் கருணையோடு விட்டுவைத்தார்கள். மருத்துவமனை வாசலில் உடல்வாசி வளைவு ஒன்று நின்றது. அதன் அடியில் நடந்தால் அது உடம்பைப் படிக்கும். நோய் இருந்தால் மூன்று நாள் விடுப்பு. இல்லையென்றால், “உடல் நலம். பணி தொடர்க,” என்று இனிமையாகச் சொல்லும். உலகம் முழுக்க எல்லா வளைவுகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன.

பனிமேட்டில் மட்டும் குளிர்காலத்தில் செவிலிகளுக்குச் சளி பிடித்தது. ஆளுக்கு ஒரு முறை, ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, வரிசை தவறாமல்.

அது உலகத்தின் கடைசிச் சளி. கோடை முழுவதும் ஆய்வகக் குளிர்பெட்டியில், ‘இட்லி மாவு, தொடாதே’ என்று எழுதிய டப்பாவில் தூங்கும். மார்கழி முதல் தேதி பவளக்கொடி டப்பாவைக் காலி செய்து, அதை எழுப்பித் தன் மூக்கில் விட்டுக்கொள்வாள்; தை கடைசியில் அது மறுபடி டப்பாவுக்குத் திரும்பும். பிறகு முறைப்படி கைமாறும். சளி உள்ளவள் பாதி டம்ளர் சுக்குக் காபி குடித்துவிட்டு மீதியை அடுத்தவளிடம் கொடுப்பாள். அடுத்தவள் முந்தைய வாரமே நலத்தூறலை நிறுத்தியிருப்பாள். வீட்டுக்குப் போனாலும் வெளியாட்கள் யாருக்கும் ஒட்டாது. அவர்கள் மூக்கில்தான் தூறல் இருக்கிறதே. தை முடிவதற்குள் பதினான்கு பேருக்கும் மூன்று மூன்று நாள் கிடைத்துவிடும். பனியில் வழுக்கி விழுந்தவர்கள் படுக்கைக்குப் படுக்கை கிடக்கிற காலத்தில், அந்த மூன்று நாளை நினைத்துத்தான் மற்ற நாட்களைத் தள்ளினார்கள்.

இந்த வருடம் சுகிர்தா தை ஒன்பதைக் கேட்டு வாங்கியிருந்தாள். அவள் கணவன் எடிசன் நடுக்கடல் காற்றாலையில் வேலை செய்பவன். வருடத்துக்கு ஒரு தடவை, மூன்று நாள் கரைக்கு விடுவார்கள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது கல்யாண நாள் ஒன்றுதான்.

தை ஆறாம் தேதி மாலை நசீமா தும்மிக்கொண்டே உடைமாற்றும் அறைக்கு வந்தாள். பாதி குடித்த டம்ளரை நீட்டினாள்.

“இந்தாடி. பத்திரம், நல்ல காரமான சளி. உன் வீட்டுக்காரர் என் பேரைச் சொல்லி வாழ்த்தணும்.”

சுகிர்தா குடித்தாள். ஏழாம் தேதி தும்மல் இல்லை. எட்டாம் தேதி காலையிலும் மூக்கு துலக்கிய குத்துவிளக்குபோலச் சுத்தமாக இருந்தது. அதற்குள் நசீமா குணமாகித் தூறலும் அடித்துக்கொண்டுவிட்டாள்.

“எப்படிடி பிடிக்காம போகும்?” பவளக்கொடி இடுப்பில் கைவைத்து நின்றாள். “எப்படிக் குடிச்ச? செஞ்சு காட்டு.”

நசீமா ஒரு டம்ளரை நீட்டினாள். சுகிர்தா இடக்கையால் வாங்கினாள். வலக்கை தானாகப் பக்கத்து மருந்துத் தட்டுக்குப் போய், ஸ்பிரிட் பஞ்சை எடுத்து, டம்ளர் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தது. பிறகு வாயில் வைத்தாள். அப்புறம்தான் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கவனித்தாள்.

“அடிப்பாவி,” என்றாள் நசீமா. “உலகத்துலயே ஒரே ஒரு சளி. அதையும் கொன்னுட்டியே.”

“கை பழக்கம்க்கா,” என்றாள் சுகிர்தா, அழுகையும் சிரிப்புமாக.

முறை வராத ஆறு பேரும் அவளைப் பார்த்த பார்வையில் காய்ச்சலே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கொதிக்கும் காபியை வாயில் அடக்கிக்கொண்டு, தும்முவதுபோல முகத்தைக் கோணிக்கொண்டு வளைவின் அடியில் போய் நின்றாள்.

“வாயில் காபி. அறுபத்தொரு டிகிரி. சர்க்கரை அதிகம்,” என்றது வளைவு. “உடல் நலம். பணி தொடர்க.”

எடிசன் மறுநாள் காலை கரையேறுகிறான். மலையிறங்கும் கடைசி வண்டி மூன்று மணிக்கு. இரண்டரைக்கு சுகிர்தா மேட்ரன் ஞானசௌந்தரியின் அறைக் கதவைத் தட்டினாள். முப்பது வருடமாக யாரிடமும் சிரிக்காதவர் என்று பெயரெடுத்தவர் அவர்.

“லீவு வேணும் மேடம்.”

“என்ன நோய்?”

“நோய் இல்லைங்க மேடம். அவரு வர்றாரு. பாக்கணும்.”

மேட்ரன் விடுப்புப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். அதில் நோயின் பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. எழுந்து கதவைச் சாத்தினார்.

“சளி இப்ப யார்கிட்ட இருக்கு?”

சுகிர்தா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“பயப்படாத. சொல்லு.”

“செத்துப்போச்சு மேடம். நான்தான்... ஸ்பிரிட்டால துடைச்சிட்டேன்.”

மேட்ரன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“ஒவ்வொரு வருசமும் தை கடைசியில என் மேசை மேல பாதி டம்ளர் காபி இருக்கும்,” என்றார். “யார் வைக்கிறாங்கன்னு நான் கேட்டதில்ல. ஆறிப்போயிருக்கும். குடிச்சிடுவேன்.”

“நீங்களுமா மேடம்? மூணு நாள் என்ன செய்வீங்க?”

“தூங்குவேன். வேறென்ன?” ஜன்னலைப் பார்த்தார். “இந்த வருசம் தை பொறந்ததுல இருந்து நாள் எண்ணிட்டு இருக்கேன். தூறல்கூட நேத்தே நிறுத்திட்டேன்.”

வார்டில் யாரோ மணி அடித்தார்கள். நசீமா ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. மேட்ரன் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு படிவத்தையும் எடுத்தார். இரண்டிலும் நோய்க் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார்.

“இது செல்லுமாங்க மேடம்?”

மேட்ரன் ஒரு படிவத்தை அவள் கையில் வைத்தார். மற்றதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். வார்டுச் சாவிக்கொத்தை மேசை நடுவில் வைத்து, கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்தி, கதவைத் திறந்துகொண்டு தூங்கப் போய்விட்டார்.