எரியலைன்னு சொன்னவன்

"கையை எடுங்க சார்... நான்தான் முதல்ல பிடிச்சேன்."

"நீங்க மூடியைப் பிடிச்சீங்க. நான் புட்டியையே பிடிச்சேன். எது பெருசு?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை மேசையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கிளிசரின் புட்டி. அதன் கழுத்தில் அவள் விரல், இடுப்பில் அவன் விரல்.

பேரம் தெரிந்தவர்கள் சரக்கைப் பார்க்க மாட்டார்கள், எதிராளியின் கண்ணைத்தான் பார்ப்பார்கள். அவளும் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணை அளக்கிறவள், எத்தனையோ கண் பார்த்திருக்கிறாள். சண்டைக்கு நடுவிலேயே சிரித்துவிடுகிற கண்... ம்ஹூம், இதுதான் முதல்.

"உங்களுக்கு எதுக்கு கிளிசரின்?" என்றாள்.

"கேக் மேல பூசற சர்க்கரை காஞ்சு வெடிக்காம இருக்க. எதிர்ல இருக்கற பேக்கரி நம்மளதுதான். உங்களுக்கு?"

"முகம் கழுவ. எந்த சோப்பு போட்டாலும் எங்க அக்காவுக்கு எரியுது. அதான் நானே வீட்டுல தயார் பண்றேன். ஓட்ஸ் ஊறவெச்ச தண்ணி, கிளிசரின், மிருதுவா நுரைக்கற திரவம் ஒண்ணு, அதோட காரம் குறைய கொஞ்சம் சிட்ரிக் ஆசிட்..."

"ஆசிடா! அக்கா மேல அப்படி என்ன கோபம்?"

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். உதடு கேட்கவில்லை. அப்போதுதான் கவனித்தாள்... அடுப்புச் சூட்டிலேயே நின்று அவன் கன்னம் இரண்டும் கன்றியிருந்தன. தொட்டாலே சிவக்கும் தோல். சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல முகம் எங்கே கிடைக்கும்?

"புட்டியை விட்டுக்கொடுங்க. பதிலுக்கு முதல் தயாரிப்பு உங்களுக்கு."

அவன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். இவ்வளவு சுலபமாக இறங்கி வருகிற வியாபாரியைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கெடாமல் இருக்க அந்தக் கலவையில் எதையும் சேர்க்காததால், ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரம்தான் அதற்கு ஆயுசு. ஆகவே சனிக்கிழமைதோறும் புதுப் புட்டியோடு பேக்கரி வாசலில் அவள்.

"எரியுதா?"

"எரியறதா? பன்னு மாதிரி மெத்துனு ஆயிடுச்சு."

"நிஜமா?"

"நிஜமாங்க. அடுத்த வாரமும் வருவீங்கல்ல?"

நாலு சனிக்கிழமைகள். அவன் கன்னத்தில் எப்போதும் மாவு. மாவுக்கு மேலே அந்தக் கண்கள்... திரும்பும் வழியில் தூறல் விழுந்தால் குடையை விரிக்கவே மறந்துபோனாள்.

அவன் சொல்லை நம்பி, ஐந்தாவது புட்டியை அக்காவிடம் கொடுத்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அக்கா வேலைக்குத் திரும்பும் காலை அது. பத்தே நிமிடம்... அக்காவின் முகம் தக்காளியாய்ச் சிவந்துவிட்டது.

"பரவாயில்லடி" என்று ஈரத்துணியை ஒத்திக்கொண்டே அக்கா பஸ் ஏறினாள். திட்டியிருந்தால்கூட தேவலை.

இவள் நேரே பேக்கரிக்குள் நுழைந்தாள். மேசை துடைக்கும் ஈரத்துணியை எடுத்து அவன் கன்னத்து மாவைத் துடைத்தாள். அடியில் தோல் உரிந்து திட்டுத் திட்டாக...

"எத்தனை நாளா?"

"முதல் புட்டியிலேருந்து."

"அப்புறம் ஏன் எரியலைன்னீங்க?"

"எரியுதுன்னா... நீங்க வர்றதை நிறுத்திட்டா?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட பேசற பேச்சையே என்கிட்டயும் பேசிட்டீங்க. இனிமே நீங்க எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்பறது?"

கதவை அறைந்துவிட்டுப் போனாள். இரண்டு சனிக்கிழமைகள் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

"அவரு பொய் சொன்னாரு, சரி" என்றாள் அக்கா. "அந்தத் தண்ணியில நீ என்ன தப்பு பண்ணேன்னு பாத்தியா?"

பார்த்தாள். அமிலமா காரமா என்று காட்டும் சோதனைத் தாளை அவள் எப்போதும் சமையலறையின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில்தான் பார்ப்பாள். மஞ்சள் வந்தால் சரி. அன்று பகலில் ஜன்னலோரம் பிடித்தாள்... பச்சை! இத்தனை வாரமும் காரம் குறையவே இல்லை. கண்ணை அளக்கிறவளுக்குக் கண்ணே கைகொடுக்கவில்லை.

சிட்ரிக் ஆசிட்டைத் துளித்துளியாய்ச் சேர்த்து, பகல் வெளிச்சத்தில் தாள் மஞ்சளாகும்வரை கலக்கினாள். அக்கா முதலில் முழங்கை மடிப்பிலும், மறுநாள் முகத்திலும் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

பேக்கரியில் அவன் மாவில்லாத முகத்தோடு நின்றான். கன்னம் ஆறியிருந்தது.

"பொய் உங்களுது. தப்புக் கலவை என்னுது. பாதிக்குப் பாதி" என்றாள். "கையை நீட்டுங்க."

அவன் முழங்கை மடிப்பில் ஒரு துளி. விரல் நுனியால் மெல்லத் தேய்த்துக் கழுவினாள். வெளியே தூறல்... இருவரும் கடிகாரத்தைப் பார்ப்பதாகப் பாவனை செய்தார்கள்.

"இப்ப உண்மையைச் சொல்லணும்."

"எரியல. ஆனா... வாசனை சகிக்கல. முந்தாநேத்து கஞ்சி மாதிரி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நாலு வாரமா இதையும் மறைச்சீங்களா? இன்னும் என்ன பாக்கி?"

"ஒண்ணே ஒண்ணு. உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. புட்டி இல்லாமலும் வரணும்."

"இதுவும் கடைப் பேச்சா?"

அவன் ரொட்டி வாங்க வந்த இருவரிடம் கைகூப்பிவிட்டு, கூட்டம் சேருகிற சாயங்கால வேளையில் கடைக் கதவை இழுத்து மூடினான். மூடிவிட்டு, அதையே மறுபடி சொன்னான்.

வியாபார நேரத்தில் கதவடைக்கிறவன் பொய் சொல்வானா என்ன?

"எனக்கும்தான்..." என்றாள், தரையைப் பார்த்து.