அடுத்த ஈடு கச்சோரி

மழைக்கு ஒதுங்கத்தான் சுரபி அந்தக் கடைக்குள் ஓடினாள். ஒதுங்கியவள் ஆறு கச்சோரி தின்றுவிட்டாள்...

பக்கத்தில், அவள் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் மையத்தில் அன்று மாதிரித் தேர்வின் மதிப்பெண்களை ஒட்டியிருந்தார்கள். கடைசிக்கு இரண்டு பேர் மேலே அவள் பெயர். நான்காவது கச்சோரிக்குப் பிறகு ருசியே தெரியவில்லை. கை மட்டும் போய் வந்தது. கன்னம் நனைந்திருந்தது, மழையால் அல்ல.

நிமிர்ந்தபோது அடுப்புக்குப் பின்னால் இரண்டு கண்கள். கேலியும் இல்லை, இரக்கமும் இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

மறுவாரமும் மதிப்பெண் வந்தது. அவளும் வந்தாள்.

"பியா, நாலு கச்சோரி."

இந்தூரில் பியா போடாமல் தண்ணீர்கூட வாங்க முடியாது. 'அண்ணா' என்றுதான் பொருள்; ஆனால் அண்ணன் முறையெல்லாம் அதில் கிடையாது.

"அடுத்த ஈடு வரட்டும் மேடம். சின்னத் தீ, இருபது நிமிஷம் ஆகும்," என்றான் கடைக்கார லோகேந்திரா. "அதுவரைக்கும் சொல்லுங்க. எந்தப் பாடம் உதைக்குது?"

"எல்லாந்தான்."

"நல்லதாப் போச்சு. ஒண்ணை மட்டும் திட்டினா அது கோவிச்சுக்கும்."

சிரித்துவிட்டாள். கச்சோரி வந்தபோது இரண்டே போதும் போலிருந்தது.

இப்படியே நாலு வாரம். ஐந்தாவது வாரம், அவள் காத்திருக்கும்போதே பைக்கில் ஒருவர் வந்து பத்து கேட்டார். லோகேந்திரா மூடியிருந்த தட்டைத் திறந்து, சுடச்சுட உடனே கட்டிக் கொடுத்தான். சுரபிக்கு முகம் எரிந்தது.

"தட்டு நிறைய இருக்கு. எனக்கு மட்டும் அடுத்த ஈடா?"

"அன்னிக்கு நீங்க அழுதுக்கிட்டே சாப்பிட்டீங்க. கொஞ்சம் மனசு ஆறினா கம்மியாச் சாப்பிடுவீங்கன்னு..."

"நான் திங்கிறதை அளக்க நீங்க யாரு?"

போய்விட்டாள். ரோஷம் இருபது நாள் தாங்கியது. எதிர்த் தெருக் கடையில் கேட்டதுமே கிடைத்தது. ஒரு நாள் எட்டு தின்றாள். எந்தப் பாடம் உதைக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அறையில் குப்புறப் படுத்து அழுதபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

முதல்நிலைத் தேர்வு முடிவு வந்த மாலை மறுபடி மழை. பட்டியலில் அவள் பெயர் இல்லை. கால்கள் பழைய கடைக்கே வந்தன.

லோகேந்திரா அவளைக் காக்க வைக்கவில்லை. தட்டைத் திறந்து நாலு கச்சோரியை முன்னால் வைத்தான்.

"தப்பு என்னோடது. உங்களைக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்."

கை போனது... பாதியில் நின்றது. தட்டைத் தள்ளினாள்.

"இது வேண்டாம். அடுத்த ஈடு போடுங்க. இன்னிக்கு நானே சொல்றேன், காத்திருக்கேன்."

அவன் கச்சோரியை எண்ணெயில் விட்டான். திரும்பாமலே பேசினான்.

"முதல் தடவை உங்களுக்காகத்தான் காக்க வெச்சேன். அப்புறம் வந்த வாரமெல்லாம்... எனக்காக."

தகரத்தில் மழை கொட்டியது. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எத்தனை நிமிஷம், லோகேந்திரா?"

பியா காணாமல் போயிருந்தது. அவன் சட்டென்று திரும்பினான்.

"இருபது..."

"தீயை இன்னும் கொஞ்சம் குறைங்க," என்றாள் சுரபி.